மதுரை வெயிலில் நிற்க வேண்டிய தேவாங்கு: ஃபைபர், உன்னிக்குச்சி, சுடுமண் மூன்றில் எதை வாங்குவது?

வண்ணம் பூசிய யானைகளைத் தெருவில் வரிசையாக நிறுத்துவது, ஊரே வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்வது, ஒரு மாதம் கழித்து அவற்றை ஏலம் விட்டு, வந்த பணத்திலிருந்து யானைகளுக்கு உதவுவது. 'எலிஃபண்ட் பரேட்' என்ற பெயரில் 2007இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் தொடங்கிய ஏற்பாடு இது. கண்ணிவெடியில் கால் இழந்த மோஷா என்ற தாய்லாந்துக் குட்டி யானைதான் தூண்டுதல். 2010இல் லண்டன் தெருக்களில் 250க்கும் மேற்பட்ட யானைகள் நின்றன. சுமார் 40 லட்சம் பவுண்டு திரண்டது. 2018இல் மும்பையில் 101 யானைகளை நிறுத்தினார்கள். இந்தியாவில் அடையாளம் கண்ட யானை வழித்தடங்கள் 101 என்பதால் அந்த எண்ணிக்கை.

மதுரையில் இப்படி ஒன்றை நடத்த நினைக்கும் கல்லூரிக்கோ, வணிக வளாகத்துக்கோ, குடியிருப்போர் சங்கத்துக்கோ முதலில் எழும் கேள்வி சிற்பத்தை எதில் செய்வது என்பதுதான். இன்று கையில் இருக்கும் வழிகள் மூன்று. உள்ளூர்ப் பட்டறைகளின் ஃபைபர், நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் உன்னிச்செடிக் குச்சியால் செய்யும் உன்னிக்குச்சி யானை, விளாச்சேரியிலும் சுற்றுவட்டாரத்தில் மண்வேலை செய்யும் வேளார் குடும்பங்களிடமும் கிடைக்கும் சுடுமண். மூன்றையும் மதுரையின் வெயில், காற்று, கூட்டம், கடைசியில் மிஞ்சும் குப்பை ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்தால் வரிசை என்ன என்பதே இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மதுரைக்கு ஏற்ற விலங்கு தேவாங்கு. நிலையாக ஓர் இடத்தில் வைக்கச் சுடுமண். சில வாரக் காட்சிக்கு உன்னிக்குச்சி. குழந்தைகள் ஏறி விளையாடும் இடம், அடிக்கடி இடம் மாற்ற வேண்டிய காட்சி என்றால் மட்டும் ஃபைபர்.

ஃபைபர் நம் ஊருக்குப் புதிதல்ல. ஜவுளிக்கடை வாசல் யானை, பூங்கா டைனோசர், மண்டப அலங்காரம் எல்லாம் இதே கைவேலை. ஆள் கிடைப்பது எளிது. தரம் கிடைப்பதுதான் கடினம். பட்டறையில் 'எத்தனை அடி' என்று கேட்டு விலை சொல்வார்கள். நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது 'எத்தனை மேட்' என்று. மேட் என்பது கண்ணாடி இழை விரிப்பு. சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். சும்மா நிற்கும் பொம்மைக்கு இரண்டு அடுக்கு போதும். தெருவில் வைத்தால் குழந்தை ஏறும், பெரியவர் சாய்வார். உடம்புக்கு மூன்று அடுக்கும், கணுக்கால், காதின் அடி, தும்பிக்கை வளைவு ஆகிய இடங்களில் நான்கும் வேண்டும்.

ஐந்தடி உயரக் குட்டி யானைக்கு மேற்பரப்பு சுமார் 8 சதுர மீட்டர் வரும். மூன்று அடுக்குக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ மேட். கையால் பூசும் வேலையில் இழையை ஒட்டும் பிசினான ரெசின் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 27 கிலோ. மேல்தோலான ஜெல்கோட் 5 கிலோ. உள்ளே வைக்கும் இரும்புச் சட்டம் இல்லாமலேயே 40 கிலோவைத் தாண்ட வேண்டும். டெலிவரி அன்று எடை போட்டுப் பாருங்கள். 30 கிலோ காட்டினால் ஓர் அடுக்கு மேட் குறைந்திருக்கிறது; பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது ரெசினைக் கெட்டியாக்கும் ஹார்ட்னரின் அளவு. ஒரு கிலோ ரெசினுக்கு 20 கிராம் என்பது குளிர்ந்த நாளின் கணக்கு. மதுரையின் சித்திரை வெயிலில் 10 கிராமே தாராளம். அவசரத்தில் 20 ஊற்றினால் ரெசின் மேட்டுக்குள் இறங்கும் முன்பே கெட்டியாகிவிடும். உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அதுதான் காரணம். அங்கே இழை நனையவில்லை, பலமும் இல்லை. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஒரு ரூபாய் நாணயத்தால் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நன்றாக ஒட்டிய இடத்தில் 'டக் டக்' என்று இறுக்கமான ஓசை வரும். அடுக்கு பிரிந்த இடத்தில் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுப் பட்டறையிலேயே வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்த பிறகு யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை, கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்பவர்களுக்கு. ரெசின் கெட்டியாவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே ஹார்ட்னர் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி அளவுக்குப்பி, தனித்தனி அலமாரி.

தெரு யானைகள் பெரும்பாலும் உடைவது கணுக்காலில். காரணம் எளிது. மேலே மூன்று அடுக்கு ஓடு, கீழே பாதத்துக்குள் சிமென்ட் கொட்டிய கட்டி. வளைவதும் வளையாததும் சேரும் கோட்டில், ஒவ்வொரு குழந்தை ஏறி இறங்கும்போதும் ஓடு ஒரு மயிரிழை வளைகிறது. முதலில் ஜெல்கோட்டில் வளையம் போல ஒரு மெல்லிய கீறல். அதைப் பட்டி வைத்து மறைத்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மாதம் அதே இடத்தில் விரல் நுழையும். சரியான முறை, ஒன்றரை அங்குல இரும்பு (எம்.எஸ்.) பைப்பைப் பாதத்திலிருந்து வயிறு வரை ஏற்றி, நான்கு கால் பைப்பையும் மேலே குறுக்குச் சட்டத்தால் வெல்டிங் செய்து, பைப்பின்மேல் மேட் சுற்றி ஓட்டோடு சேர்த்து ஒட்டுவது. பளு பைப் வழியாக இறங்கும். ஓடு வெறும் தோலாக இருக்கும். பாதத்தில் அரை அங்குலத் துளை ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் இறங்கிய நீர் உள்ளேயே நின்று பைப் துருப்பிடித்து, வெள்ளைக் காலில் காவி நீர் வடியும்.

அடித்தளம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 45 கிலோ காலி ஓடு எம்மாத்திரம்? 4 அடிக்கு 3 அடி, அரை அடி கனத்தில் கான்கிரீட் பலகை போட்டால் 400 கிலோ வரும். அதில் 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் காலுக்கு இரண்டு. நட்டுக்குத் தலை மூடி போடுங்கள்; கிழிபடுவது குழந்தைகளின் முழங்கால்தான்.

பெயின்ட் உரிவதற்கு ஓவியரைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் தவறு அவருடையது அல்ல. அச்சிலிருந்து எடுக்க வசதியாகத் தடவிய மெழுகு மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தின்னரால் இருமுறை துடைத்து, 120 எண் எமரி தாளிலும் பிறகு 220இலும் தேய்த்து, பளபளப்பு முழுக்கப் போன பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது, விரிந்து பரவினால் போய்விட்டது. ஓவியம் அக்ரிலிக்கில். மேலே வெயில் தாங்கும் இரண்டு பாக பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர் என்ற நிறமில்லாப் பூச்சு இரண்டு கோட், மொத்தம் இரண்டு லிட்டர் தயாரித்தால் போதும். கிளியர் அடிக்காமல் நிறுத்திய யானையில் முதலில் வெளுப்பது இளஞ்சிவப்பும் சில மலிவான சிவப்புகளும். காவி, கருப்பு, சுண்ண வெள்ளை நிற்கும். கோயில் சுவர்ப்பட்டை எத்தனை வெயிலுக்கும் சிவப்பாகவே இருப்பது அது மண்காவி என்பதால்தான். ஓவியர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே அதற்கேற்ற வண்ணம் தேர்ந்தெடுப்பார்கள்.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் ஃபைபரின் பெரிய குறை தீராது. அதை உருக்கி மறுபடி ஒன்றும் செய்ய முடியாது. எரித்தால் கரும்புகை, உடைத்தால் தோலில் ஏறும் ஊசி இழை, கொட்டினால் எந்தக் காலத்திலும் மக்காது. காட்டுயிர்களைக் காக்கவென்று நிறுத்தும் சிற்பம் ஊர்க் குப்பைமேட்டில் முடிவதை எப்படி ஏற்பது? வாங்குபவர் உறுதியாக இருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஃபைபரில் ஒன்றுகூடச் செய்யாதீர்கள்.

உன்னிக்குச்சி யானைக்கு வருவோம். உன்னிச்செடியைத் தெரியாதவர் இல்லை. சிறுமலை ஏறும் வழியெங்கும் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் முள்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்தது இன்று காட்டையே மூடிக்கொண்டிருக்கிறது. அடியில் புல் முளைக்க விடாது; புல் இல்லாவிட்டால் மானும் காட்டு மாடும் யானையும் மேய இடமில்லை. கூடலூர்ப் பகுதியில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி மக்கள் இந்தச் செடியை வெட்டி எடுத்து முழு உயர யானைகளாகச் செய்கிறார்கள். 'தி ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ்' என்ற அமைப்பின் வேலை இது. ஒவ்வொரு சிற்பமும் அந்தப் பகுதியில் உண்மையாக நடமாடும் ஒரு யானையின் சாயல். 2021இல் லண்டன் பூங்காக்களிலும், 2024இல் பெங்களூரு லால்பாக்கிலும், பிறகு நியூயார்க்கிலும் இந்த மந்தை நின்றது.

செய்முறை இப்படி. முறுக்குக் கம்பியில் யானையின் எலும்புக்கூடு. பச்சைக் குச்சியைப் பெரிய அண்டாவில் வேகவைத்தால் பட்டை கழன்று வரும், குச்சியும் வளையும். சூடு ஆறுவதற்குள் கம்பியைச் சுற்றி வளைத்து ஆணி அடிக்க வேண்டும், ஆறிவிட்டால் முறியும். கனமான குச்சி கால் தூணுக்கும் முதுகுக்கும், மெல்லியது காதுக்கும் தும்பிக்கை நுனிக்கும். குச்சி ஓடும் திசைதான் தோலின் மடிப்பு. பக்கத்தில் போய்ப் பார்த்தால் முழங்கால் சுருக்கத்தில் குச்சிகள் வளையம் வளையமாக இறங்கி, விலாவில் நீளவாக்கில் ஓடுவது தெரியும். எத்தனை நல்ல ஓவியர் வரைந்தாலும் ஃபைபரில் இது வராது.

மூன்றில் இதுதான் மனசுக்குப் பிடித்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஏலம் நடக்கும் முன்பே, செய்யும்போதே, களை வெளியேறுகிறது, காட்டோரத்து மக்களுக்குக் கூலி கிடைக்கிறது. மற்ற இரண்டிலும் நன்மை பணம் வந்த பிறகுதான். ஆனால் மதுரைக்கு இரண்டு தடைகள். ஒன்று விலை: முழு உயர யானை லட்சங்களில் போகும், லாரி வாடகை தனி. மற்றது பராமரிப்பு. உன்னி மரத்தைக் கரையான் எளிதில் தொடாது என்பார்கள். அதை நம்பிப் பாதத்தை மண்ணில் வைக்காதீர்கள். தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்திய இரும்புத் தட்டில் நிறுத்துங்கள். காய்ந்த வெயிலில் குச்சி சுருங்கி ஆணி தளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து தளர்ந்த ஆணியைத் தட்டி, எழும்பிய முனையை மடக்க வேண்டும். கீழே மாவு போல் தூள் விழுந்திருந்தால் உளு அரிக்கிறது என்று பொருள். போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த நீரைத் தூரிகையால் ஊறவிட்டு, காய்ந்ததும் வார்னிஷ் அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நெருப்பு. காய்ந்த குச்சி, உள்ளே காற்றோட்டம், மேலே வார்னிஷ். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே காட்சியை முடித்துவிடுங்கள். தையிலிருந்து மாசி வரை ஒரு மாதம் வைப்பதே இதற்குப் பொருத்தம்.

இனி சுடுமண். இதைத்தான் மதுரைக்காரர்கள் முதலில் நினைத்திருக்க வேண்டும். பொது இடத்தில், கூரை இல்லாமல், ஆளுயரத்துக்கும் மேலாக விலங்குச் சிற்பங்களை வரிசையாக நிறுத்தும் பழக்கம் நமக்கு ரோட்டர்டாமிலிருந்து வரவேண்டியதில்லை. அய்யனார் கோயில் புரவிகள் அப்படித்தான் நிற்கின்றன. ஊர் கூடிச் செலவு பகிர்ந்து, வேளாரிடம் பிடிமண் என்று கைப்பிடி மண் கொடுத்து, செய்து முடித்ததும் ஊர்வலமாகத் தூக்கிவந்து நிறுத்துவதுதான் புரவி எடுப்பு. யாருடைய நேர்த்தி எந்தக் குதிரை என்பது ஊருக்கே தெரியும். இன்றைய 'ஸ்பான்சர்' பலகைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை.

விளாச்சேரி திருப்பரங்குன்றத்தை ஒட்டிய ஊர். கொலுப் பொம்மை, விநாயகர், கிறிஸ்துமஸ் குடில் சிலைகள் என்று தெருத்தெருவாகப் பொம்மை வேலை. சிறிய உருவத்தில் இவர்கள் கை அபாரம். மூன்றடிக்கு மேல் வெளியில் நிற்கும் உருவம் என்றால் புரவி செய்து பழகிய வேளார்களிடம் போவதே நல்லது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கமும் இருக்கிறார்கள். கொலுப் பொம்மைக்காரரிடம் ஆறடிச் சிலை கேட்டு, அவரும் மறுக்க மனமில்லாமல் அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்து கொடுத்தால், மழையில் ஊறி வலுவிழக்கும். ஆர்டர் கொடுக்கும்போது 'சுட்ட மண்தானே' என்று வாய்விட்டுக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதமாக்கி, திரி திரியாக உருட்டி அடுக்கி உயர்த்துவார்கள். ஒரு நாளில் முக்கால் அடிக்கு மேல் ஏற்ற முடியாது; கீழ்ப்பகுதி தோல் பதத்துக்கு இறுகிய பிறகே அடுத்த சுற்று. சுவர் எங்கும் ஒரே ஓர் அங்குலக் கனமாக இருக்க வேண்டும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் காயும்போதே பிளக்கும். நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, பிறகுதான் சூளை. ஈரம் மிச்சமிருந்தால் நீராவி தெறித்து, சூளைக்குள் வெடிச்சத்தம் கேட்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். அவசரப்படுத்துகிற வாடிக்கையாளர்தான் இங்கே முதல் எதிரி. காய்ந்து சுட்டால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். நான்கடி வேண்டுமென்றால் ஏறக்குறைய நாலரை அடியில் பச்சை உருவம் செய்யச் சொல்ல வேண்டும்.

காலக் கணக்கு முக்கியம். கார்த்திகைக்கு அகல், தைக்குப் பொங்கல் பானை, ஆவணிக்கு விநாயகர், புரட்டாசிக்குக் கொலு. இந்த வரிசைக்கு நடுவே கை ஓயும் நாட்கள் பொங்கல் முடிந்து பங்குனி வரை. வெயிலும் அப்போதுதான் சாதகம். தை கடைசியில் முன்பணம் கொடுத்தால் சித்திரைக்குள் கைக்கு வரும். ஐப்பசியில் கொடுத்துவிட்டு மார்கழியில் கேட்பது அவரையும் வதைத்து உங்களையும் ஏமாற்றும்.

இப்போது எந்த விலங்கு என்ற கேள்வி. யானை எல்லா ஊரிலும் நின்றுவிட்டது. மதுரையைச் சுற்றி நமக்கென்றே உயிர்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் சாம்பல் நிற மலை அணிலுக்கு 1988லேயே சரணாலயம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அரிட்டாபட்டிக் குன்றுகளில் வல்லூறும் கழுகும் அழுங்கு என்ற எறும்புத்தின்னியும். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அது 2022இல் அறிவிக்கப்பட்டது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம், அதே 2022இல். தேவாங்குக்கென்று இந்தியாவில் முதலாவது.

தேவாங்கைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வோம். நம் மொழியில் அந்தப் பெயரே வசவாகிவிட்டது. ஒல்லியான பிள்ளையை 'தேவாங்கு மாதிரி இருக்கே' என்று சொல்லாத வீடு உண்டா? பில்லி சூனியத்துக்கென்று அதைப் பிடித்துக் கொடுமை செய்த கதையும் இந்தப் பக்கத்தில் உண்டு. கால் கிலோ எடையில், இரவெல்லாம் பூச்சி தின்று பயிரைக் காக்கும் ஓர் உயிரை ஊர் நடுவே அழகாக நிறுத்துவது வெறும் வசூல் வேலை அல்ல.

ஆனால் தேவாங்கைச் சிற்பமாக்குவது யானையைவிடக் கடினம். முக்கால் அடி உடம்பை நான்கடியாகப் பெருக்கினால், சிறிதாக இருந்தபோது இரக்கம் வரவைத்த அந்தப் பெரிய கண்கள் பயமுறுத்தும். ஃபைபரில் பளபளக்கும் கண்ணாடி உருண்டை பதித்தால் நிச்சயம் பேய்தான். சின்னப் பிள்ளைகள் அழும். இங்கேதான் மண் கைகொடுக்கிறது. கண்ணை உருண்டையாகப் புடைக்க வைக்காமல், ஆழமில்லாத கிண்ணம் போல உள்வாங்கச் செய்து, சுற்றிலும் கரும்பழுப்பு வளையம் மட்டும் தீட்ட வேண்டும். நடுவே பாவை இருக்கும் இடத்தில் விரல் நுழையும் துளை. சூளையில் நீராவி வெளியேற எப்படியும் துளை வேண்டும். அதைக் கண்ணிலேயே வைத்துவிடலாம். இரவில் உள்ளே ஐந்து வாட் மஞ்சள் எல்.இ.டி. ஒன்று போட்டால் இரண்டு கண்ணும் கனன்று தெரியும். இரவில் தேவாங்கைக் கணக்கெடுப்பவர்கள் சிவப்பு விளக்கில் தேடுவது இந்தக் கண்ணொளியைத்தான்.

குச்சிக் கை கால்களை மண்ணில் தனியாக நீட்ட முடியாது, முறியும். புரவியின் வயிற்றுக்கு அடியில் முட்டுத்தூண் வைப்பதுபோல, தேவாங்குக்கு ஓர் அடிமரம் கொடுங்கள். அதைக் கட்டிப்பிடித்தபடி, கை கால்கள் மரத்தோடு ஒட்டிய புடைப்பாக. தேவாங்கு உண்மையிலும் அப்படித்தான் இருக்கும். அடிமரத்தின் கீழ்ப்பகுதியையும் தேவாங்கு ஒட்டிய மேல்பகுதியையும் இரண்டு துண்டாகச் சுட்டுப் பொருத்தினால் ஒவ்வொன்றையும் நான்கு பேர் தூக்கலாம். மொத்தம் 100 கிலோவுக்கு மேல் வரும். ஆடிக்காற்றைப் பற்றிக் கவலை இல்லை.

சுடுமண்ணின் குறையையும் சொல்ல வேண்டும். பந்து பட்டால் காது போகும். மழைக்குப் பிறகு உவர் பூத்து வெண்மை படரும். அதைத் தண்ணீரால் கழுவினால் இன்னும் பரவும், காய்ந்ததும் தேங்காய் நார் கொண்டு துடைக்க வேண்டும். மேலே அக்ரிலிக் கனமாகப் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் அதைத் தள்ளிச் செதில் செதிலாக உரிக்கும். சுண்ணாம்பும் காவியும் போதும். கல்லூரிகளிலிருந்து ஓவியர்களை அழைத்தால் இதில் ஏமாற்றம் வரும், வண்ணத்துக்கு இடம் குறைவு என்று. உண்மைதான். பத்து சிற்பங்களில் எட்டைச் சுடுமண்ணிலும் இரண்டை ஃபைபரிலும் வைத்தால் ஓவியர்களுக்கும் இடம் கிடைக்கும்.

எங்கே நிறுத்துவது? தமுக்கம் மைதானம் போன்ற பெருங்கூட்ட இடத்தில் இரவுக் காவல் இல்லாமல் சுடுமண் வேண்டாம். காந்தி மியூசியம் போல மரநிழலும் சுற்றுச்சுவரும் உள்ள வளாகங்களே நல்லது. விளக்கப் பலகை தமிழில் முதலில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல். சித்திரைத் திருவிழா நாட்களில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டம் போகும் வழியில் எதையும் நிறுத்தாதீர்கள். மாநகராட்சியும் காவல்துறையும் அனுமதி தந்தாலும்.

பணம் சேரும் விதத்தில்தான் பல நல்ல முயற்சிகள் கெடுகின்றன. உண்டியலில் விழும் காசை நம்பித் திட்டம் போட்டால் காவலாளி சம்பளத்துக்கே போதாது. சிற்பச் செலவு, லாரி, காவல் முழுவதையும் ஸ்பான்சர் பணத்தில் முன்கூட்டியே முடித்துவிட்டு, ஏலத் தொகை முழுவதையும் காட்டுயிருக்கு என்று பலகையில் எழுதுங்கள். 'வருமானத்தில் ஒரு பங்கு' என்று எழுதுவது போதாது. எதில் பங்கு என்று மக்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். எலிஃபண்ட் பரேட் நிறுவனம் நிகர லாபத்தில் 20 விழுக்காடு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நிகர லாபத்தில் 20 என்பதும் ஏலத்தொகையில் 100 என்பதும் ஒன்றல்ல.

நிறுவனங்களிடம் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதி கேட்கும்போது கவனம். விலங்கு, தாவரப் பாதுகாப்பு அந்த நிதியைச் செலவிடச் சட்டம் தரும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தங்கள் பொருளுக்கு விளம்பரம் தேடும் ஸ்பான்சர்ஷிப்பை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டக்கூடாது என்று விதி உண்டு. யானையின் முதுகில் சிமென்ட் கம்பெனி பெயரை எழுதிவிட்டு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டால், அது விளம்பரச் செலவு என்று சொல்லிவிடுங்கள். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தருவதானால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அந்தச் சலுகை கிடைக்காது. ஏலத்தில் சிற்பம் வாங்குவது கொள்முதல்தான், நன்கொடை அல்ல; மேடையில் இதை ஏலத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது.

கியூஆர் குறியைத் தாளில் அச்சடித்து ஒட்டாதீர்கள். இரவோடு இரவாக வேறொரு கணக்கின் குறியை மேலே ஒட்டிவிட்டுப் போவது இப்போது சாதாரணம். அக்ரிலிக் பலகைக்கு உள்பக்கம் அச்சிட்டு, தினமும் காலையில் ஒரு ரூபாய் அனுப்பி யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

ஏலத்தைவிட அதிகம் பேரிடம் போய்ச் சேர்வது சின்னப் பொம்மைதான். தேவாங்கின் உண்மையான அளவே முக்கால் அடிக்குள் என்பதால், உயிரளவுப் பொம்மை கொலுப்படியில் அப்படியே உட்காரும். விளாச்சேரியில் காகிதக்கூழில் செய்யச் சொல்லுங்கள். மண்ணைவிட இலேசு, பார்சலில் உடையாது. ஓர் அச்சுக்கு ஆகும் செலவு நூறு பொம்மைகளில் பரவிவிடும். அடியில் கடவூரின் பெயரையும், இதன் விலையில் எவ்வளவு ரூபாய் எதற்குப் போகிறது என்பதையும் இரண்டு வரியில் அச்சடித்து ஒட்டுங்கள். தேவாங்கு தரையில் இறங்கத் தயங்கும். கிளைக்குக் கிளை தாவாமல் நடந்தே போகும். அதனால் முள்வேலிக்குப் பதில் கிளுவை உயிர்வேலி வளர்ப்பது, சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டுவது என்று கண்ணால் காணக்கூடிய வேலைக்குப் பணம் ஒதுக்கினால் கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டும் கொடுப்பார்கள். மலை அணிலுக்கு என்றால், சட்டப்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் அறக்கட்டளை அமைக்க வேண்டும் என்பதால், காப்பகத்தின் அறக்கட்டளைக்கே நேரடியாகச் செலுத்தக் கேட்கலாம்.

ஏலத்தில் போகாமல் மிஞ்சுவதை என்ன செய்வது என்பதையும் ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஃபைபர் என்றால் ஒரு பள்ளிக்கூட வளாகத்தை முன்பே பேசிவையுங்கள். உன்னிக்குச்சியில் ஆணியையும் கம்பியையும் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், வார்னிஷ் பூசிய குச்சியை மட்டும் அடுப்புக்குக் கொடுக்கக்கூடாது. உடைந்த சுடுமண் தேவாங்கை வேளாரிடமே திருப்பிக் கொடுங்கள். அதை இடித்துச் சலித்துப் பச்சை மண்ணில் பத்துக்கு ஒரு பங்கு கலந்தால், அடுத்த உருவம் காயும்போது குறைவாகச் சுருங்கும், விரிசலும் குறையும்.